கடையில் பருப்பு இருக்கா: எட்டு வார நாட்குறிப்பு

ஜூன் 3, 2024, திங்கள்

சென்னை வந்து சேர்ந்தாயிற்று. பேனரில் 'குடிமைத் தொழில்நுட்பப் பயிற்சி' என்று போட்டிருக்கிறார்கள். வந்திருக்கும் பன்னிரண்டு பேரும் சிவிக் டெக் ஃபெல்லோஷிப் என்றுதான் சொல்கிறோம். ஊர்ப் பொதுப் பிரச்சினைக்கு ஆப், இணையதளம் என்று ஏதாவது செய்து பார்க்கிற பயிற்சி. எட்டு வாரம். முதல் இரண்டு வாரம் இங்கேயே தங்கல், அப்புறம் அவரவர் ஊரில் களவேலை, கடைசி வாரம் மறுபடி இங்கே. மாதம் ஒரு தொகை தருகிறார்கள். வேலையை விட்டுவிட்டு வந்த எனக்கு அது சாப்பாட்டுக்கும் மதுரை போய்வரும் செலவுக்கும் சரியாக இருக்கும்.

எல்லோரும் யோசனை நிலையில் இருக்கிறவர்கள். கோயம்புத்தூர்ப் பையன் குப்பை வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது என்று காட்டப் போகிறான். திருநெல்வேலிக்காரர் ஒருவர் கிராம சபைத் தீர்மானங்களைத் தேடிப் படிக்கிற மாதிரி சேர்த்துவைக்கப் போகிறார்.

என் யோசனை, ரேஷன் கடையில் இன்றைக்கு என்ன பொருள் இருக்கிறது, கடை திறந்திருக்கிறதா என்று சொல்லும் ஆப். போன மாதம் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் துவரம் பருப்பும் பாமாயிலும் கிடைக்கவில்லை. தேர்தலால் கொள்முதல் தள்ளிப்போனதாம். மே மாதப் பருப்பை ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசே அறிவித்திருக்கிறது. கடையில் கிலோ 30 ரூபாய், வெளியே ஐந்து மடங்குக்கு மேல். அம்மா மூன்று தடவை வெறும் பையோடு திரும்பி வந்தாள். அந்த மூன்று நடையை மிச்சப்படுத்துவதுதான் என் ஆப் என்று சொன்னேன். கைதட்டினார்கள். கொஞ்சம் தலைக்கேறித்தான் போனது.

ஜூன் 4

வாக்கு எண்ணிக்கை. வகுப்பு நடந்தது என்று பெயர். எல்லோர் கண்ணும் மேசைக்கு அடியில் இருந்த போனில்.

ஜூன் 6, வியாழன்

இன்றைக்கு நல்ல வகுப்பு. கென்யாவில் 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு கலவரம் வெடித்தபோது, எங்கே என்ன நடக்கிறது என்று மக்கள் அனுப்பிய செய்திகளை வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனார்கள் சில வலைப்பதிவர்களும் நிரலர்களும். அதுதான் உஷாஹிதி. சுவாஹிலியில் சாட்சியம் என்று பொருளாம். அப்புறம் 2010-ல் பெங்களூரில் ஜனாக்கிரகா என்ற அமைப்பு தொடங்கிய 'ஐ பெய்ட் எ பிரைப்', எந்த அலுவலகத்தில் எவ்வளவு லஞ்சம் கொடுத்தோம் என்று மக்களே எழுதும் தளம்.

எனக்குப் பிடித்தது இரண்டும் இல்லை, பிரிட்டனில் 2007-ல் வந்த ஃபிக்ஸ் மை ஸ்ட்ரீட். தெருவில் பள்ளம் இருக்கிறதா, வரைபடத்தில் புள்ளி வை. அந்த இடம் எந்த உள்ளாட்சிக்குக் கீழே வருகிறது என்று அதுவே கண்டுபிடித்து அவர்களுக்கு அனுப்பிவிடும். புகார் சொல்கிறவனுக்கு அலுவலகத்தின் பெயர்கூடத் தெரிய வேண்டாம். நம் ஊரில் பாதி மனுக்கள் செத்துப்போவது 'இது எங்க செக்ஷன் இல்ல' என்ற ஒற்றை வரியில்தானே.

பயிற்சியாளர் என்னிடம், "உங்க ஆப்ல பருப்பு இருக்கா இல்லையான்னு தினமும் யார் பதிவு பண்ணுவாங்க?" என்றார். மக்கள் என்றேன். பலகையில் 'மக்கள்' என்று எழுதி வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

ஜூன் 9, ஞாயிறு

நேற்றிரவு பஸ் ஏறி மதுரை. மாதிரி ஆப்பை அம்மாவிடம் காட்டினேன். 'இன்று கடை விடுமுறை' என்று சிவப்பில் காட்டியது. அம்மா அப்போதுதான் கடைக்குப் போய் அரிசி வாங்கி வந்து இறக்கிவைத்திருந்தாள்.

மாதத்தின் முதல் இரண்டு வெள்ளி ரேஷன் கடைக்கு விடுமுறை. அதற்கு ஈடாக முதல் இரண்டு ஞாயிறு திறந்திருக்கும். மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். இது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கணினி அறிவியல் படித்த எனக்குத் தெரியவில்லை. ஞாயிறு என்றால் மூடல் என்று ஒரே வரியில் எழுதி முடித்திருந்தேன்.

"இதுக்குத்தான் வேலையை விட்டியா?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, சிரித்துக்கொண்டே கேட்டாள்.

ஜூன் 12, புதன்

இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

தங்குமிடத்தில் சமைக்கிற அக்காவிடம் என் ஆப்பைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அவர் தோசையைத் திருப்பிப் போட்டபடியே, "101 போட்டா வருமே கண்ணு" என்றார். கார்டில் பதிந்த செல்போனிலிருந்து பிடிஎஸ் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு 101 என்று அதற்கான எண்ணுக்கு அனுப்பினால் கடையில் இருக்கும் சரக்கு விவரம் குறுஞ்செய்தியாக வரும். 102 என்றால் கடை திறந்திருக்கிறதா என்று வரும். 2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்த காலத்து வசதி. மூன்று மாதமாக நான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்ததை அரசு எப்போதோ செய்துவைத்திருக்கிறது. அதுவும் பட்டன் போனில் வேலை செய்கிற மாதிரி.

எங்கள் கார்டில் பதிந்திருப்பது திருப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் எண். அம்மா சர்க்கரை வாங்கினால் அவனுக்குத்தான் குறுஞ்செய்தி போகும். போன் பண்ணி 101 அனுப்பச் சொன்னேன். பருப்பு இருப்பதாகப் பதில் வந்தது. அம்மாவைக் கடைக்கு அனுப்பினேன். பருப்பு இல்லை.

இரவு பயிற்சியாளரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "ஏற்கெனவே இருக்கிறது ஏன் உதவலைன்னு ஊருக்குப் போய்ப் பாருங்க. கோட் எழுதாதீங்க" என்றார்.

மறக்காமல் இன்னொரு வேலையும் செய்தேன். எங்கள் கடைக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை எத்தனை கிலோ பருப்பு ஒதுக்கினார்கள் என்று கேட்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி வைத்தாயிற்று. காலையில் பதிவுத் தபால். 30 நாளில் பதில் வர வேண்டும்.

ஜூன் 22, சனி

ஐந்து நாளாகக் கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் நாள் என்னை ஏதோ ஆபீஸிலிருந்து வந்த ஆள் என்று நினைத்து எல்லோரும் மனு கொடுத்தார்கள். மூன்றாவது நாள் பை பிடிக்கச் சொன்னார்கள். 101 தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தெரிந்தவர்களும், "அதுல இருக்கும்மா, இங்க இருக்காது" என்றார்கள்.

விற்பனையாளர் அக்கா இன்றைக்குத்தான் மனம்விட்டுப் பேசினார். கிடங்கில் பில் போட்ட உடனே கடை மெஷின் கணக்கில் சரக்கு ஏறிவிடுமாம். லாரி வந்து மூட்டை இறங்க அடுத்த நாள்கூட ஆகலாம். அதனால்தான் குறுஞ்செய்தியில் இருக்கும் பருப்பு கடையில் இருப்பதில்லை.

"சரி அக்கா, லோடு இறங்கினதும் நீங்க எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க, நான் எல்லாருக்கும் தெரிவிக்கிறேன்" என்றேன்.

பேரேட்டை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "லோடு வந்தாலும் இப்ப பாதிக் கார்டுக்குத்தான் வருது. இருக்குன்னு நீ போன்ல போட்டா காலையில ஆறு மணிக்கே வந்து நிப்பாங்க. யாரு வருவா? போன் வச்சிருக்கவங்க, வீட்டுல சும்மா இருக்கவங்க. சித்தாள் வேலைக்குப் போறவ சாயங்காலம் வர்றதுக்குள்ள தீர்ந்துபோயிரும். அவகிட்ட வசவு வாங்குறது நீயா நானா?"

ஆறு மணிக்கு வந்து நிற்கக்கூடியவள் என் அம்மா. ஆப் வந்திருந்தால் முதல் ஆளாகப் பருப்பு வாங்கியிருப்பாள். நானும் வெற்றி என்று எழுதியிருப்பேன்.

ஜூலை 1

ஜூன் மாதப் பருப்பை ஜூலையில் வாங்கலாம் என்று மறுபடி அறிவிப்பு. ஒரு பாட்டிக்குக் கைரேகை விழவில்லை. ஒவ்வொரு விரலாகச் சேலையில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார். பாத்திரம் தேய்த்தே அழிந்த விரல்கள். பின்னால் வரிசை முணுமுணுத்தது.

ஜூலை 13, சனி

இன்றைக்கு வீடியோ வழியாக வகுப்பு. ராஜஸ்தானின் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு பற்றி. 1994-ல் கிராமங்களில் பந்தல் போட்டு, பஞ்சாயத்து வேலைக்கான வருகைப் பதிவேட்டையும் பில்லையும் ஊர் நடுவில் சத்தமாக வாசித்திருக்கிறார்கள். உன் பெயரில் இத்தனை நாள் கூலி போயிருக்கிறது என்று வாசித்ததும், நான் அந்த வேலைக்கே போகவில்லையே என்று ஆள் எழுந்து நிற்பான். 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. அங்கிருந்து வளர்ந்ததுதான் 2005-ன் தகவல் உரிமைச் சட்டம். 2019-ல் அதே மாநிலத்தில் அரசுத் திட்டத் தகவல்களை மக்களே பார்க்க ஜன் சூச்னா என்ற இணையதளமும் வந்தது. அதாவது பந்தல் வந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு இணையதளம். நாங்கள் பன்னிரண்டு பேரும் நேரே இணையதளத்தில் ஆரம்பித்திருக்கிறோம்.

மதியம் ரேஷன் கடை அக்காவிடம் போனேன். என் திட்டம் இப்போது இதுதான்: பாதிச் சரக்கு வந்தால், போன மாதம் கிடைக்காத தெருக்களுக்கு முதலில் கொடுப்பது. எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்று வாசலில் உள்ள கரும்பலகையில் எழுதுவது. வேலைக்குப் போகிறவர்கள் அதிகம் உள்ள இரண்டு தெருவுக்கு ஞாயிறு. தெரு வாரியாகக் கார்டு கணக்கு, போன மாதம் விட்டுப்போனவர்கள், வரப்போகும் கிலோ, எல்லாம் ஒரு எக்செல் தாள். அவ்வளவுதான்.

அக்கா நிறைய நேரம் பார்த்தார். "கார்டோட வர்றவங்களை இன்னைக்கு உன் தெரு இல்லன்னு திருப்பி அனுப்ப எனக்கு அதிகாரம் கிடையாது. போர்டுல எழுதுறேன். கேட்டா கேட்பாங்க" என்றார்.

ஜூலை 26, வெள்ளி

கடைசி நாள், சென்னை. ஆளுக்கு ஏழு நிமிடம். குப்பை வண்டி ஆப் அழகாக ஓடியது. வரைபடத்தில் வண்டி நகர்வதைப் பார்த்து எல்லோரும் வாய் பிளந்தார்கள். நான் காட்டியது ஒரு எக்செல் தாள், கரும்பலகையின் போட்டோ ஒன்று, தகவல் மனுவுக்கு வந்த ஒரு பக்கக் கடிதம். மனுவைப் பிரிவு 6(3)-ன் கீழ் வேறு அலுவலகத்துக்கு மாற்றியிருக்கிறார்களாம். சட்டப்படி ஐந்து நாளில் மாற்ற வேண்டியதை ஐந்து வாரத்தில் மாற்றியிருந்தார்கள். அதற்கு மட்டும் அரங்கில் நல்ல சிரிப்பு.

நடுவர் ஒருவர், "தமிழ்நாட்டில் 34,000-க்கு மேல் ரேஷன் கடைகள் இருக்கின்றன. இதை எப்படி அத்தனைக்கும் கொண்டுபோவீர்கள்?" என்றார். இன்னும் ஒரு கடைக்கே கொண்டுபோகவில்லை, ஒன்றாம் தேதிக்குப் பிறகுதான் தெரியும் என்றேன். அடுத்த கட்ட நிதிக்கு என் பெயர் வரவில்லை. பயிற்சியாளர் மட்டும் அந்த எக்செல் தாளைத் தனக்கு அனுப்பச் சொன்னார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

முதல் ஞாயிறு, கடை உண்டு. அம்மாவோடு நானும் போனேன். நேற்று லோடு வந்திருக்கிறது, மறுபடியும் பாதிதான். கரும்பலகையில் அக்காவின் குண்டு குண்டான கையெழுத்தில், பருப்பு, பாமாயில், இன்று என்று போட்டு இரண்டு தெருக்களின் பெயர். இரண்டும் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் இருக்கும் தெருக்கள். வரிசையில் நான் வாரநாட்களில் பார்த்தேயிராத முகங்கள். நடுவில் வேறு தெருக்காரர் ஒருவர் புகுந்து, என் கார்டுக்கு ஏன் கிடையாது என்று சத்தம் போட்டார். அக்கா பேசாமல் அவருக்கும் எடை போட்டுக் கொடுத்துவிட்டார்.

எங்கள் தெரு போன மாதம் பருப்பு வாங்கிய தெரு. அதனால் எங்கள் முறை கடைசியில். பலகையில் கீழே, வியாழன் என்று இருந்தது. அம்மா இரண்டு தடவை வாசித்தாள். அக்கா தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நீ எழுதிக் குடுத்ததாடி?"

ஆமாம் என்றேன். வெறும் பையை என் கையில் திணித்துவிட்டு முன்னால் நடந்தாள்.