பதினொரு வரி

"இடமில்லை அண்ணை" என்றுதான் சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. தாளை மடித்து என் மேசையில் வைத்துவிட்டு அடுத்த பக்கத்தை ஒப்புநோக்கப் போய்விட்டார்.

2021 ஏப்ரல், புத்தாண்டு வாரம். அலுவலகத்தில் பாதிப் பேர் ஊருக்குப் போயிருந்தார்கள். ஆப்கானிஸ்தானிலிருந்து செப்டம்பர் 11க்குள் எல்லா அமெரிக்கப் படையினரையும் எடுத்துவிடுவோம் என்று பைடன் அறிவித்தது சரியாக 14ஆம் திகதி. ஞாயிறு இதழுக்கு அதை ஒரு முழுப்பக்க விவாதமாகப் போடலாம் என்று சொன்னவன் நான்தான். இப்போதே போக வேண்டுமா, நிலைமை சீரான பிறகா? போக வேண்டும் என்ற பக்கத்தை நானே எழுதினேன். மற்றப் பக்கத்தை இன்னொருவர் எழுதினார். நடுவில் ஒரு பெட்டிச் செய்தி, 1990இல் இந்தியப் படை இலங்கையை விட்டுப் போனபோது என்ன நடந்தது என்று. அதைத்தான் அண்ணையிடம் கேட்டு வாங்கினேன். எங்கள் ஒப்புநோக்குநர். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

என் கட்டுரை நன்றாகத்தான் வந்திருந்தது, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அப்போதைய எங்கள் ஜனாதிபதி பிரேமதாச 1989 ஜூன் 1ஆம் திகதி, ஜூலை 29க்குள் இந்தியப் படை வெளியேற வேண்டும் என்று கேட்டார். அது அந்தப் படை இங்கே வரக் காரணமான இந்திய-இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தான இரண்டாவது ஆண்டு நாள். பைடன் எடுத்த செப்டம்பர் 11ம் ஓர் ஆண்டு நாள்தான், இருபதாவது. இரண்டுமே மேடையில் சொல்வதற்கு வசதியான நாட்கள். களத்தில் யார் எந்த வாரத்தில் பாதுகாப்பாக இருப்பார்கள் என்று கணக்குப் பார்த்து எடுத்தவை அல்ல. இங்கே ஜூலை போய், டிசம்பரில் டில்லியில் ஆட்சி மாறி, கடைசிக் கப்பல் திருகோணமலையை விட்டுப் போனது 1990 மார்ச் 24இல். எந்த நாளைக் குறித்தாலும் அது பிந்தும், ஆகவே நிபந்தனை போடாமல் போவதே சரி என்று எழுதியிருந்தேன்.

நான் அப்படி எழுதியதற்குக் காரணம் உண்டு. 1987 ஒக்டோபரில் எனக்கு 6 வயது. நல்லூர்க் கோயிலில் ஆயிரக்கணக்கான சனத்தோடு அம்மாவின் மடியில் கிடந்திருக்கிறேன். அந்தத் தீபாவளி நாளில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் ஆமி புகுந்தது. வைத்தியர்கள், தாதிமார், நோயாளிகள் என்று 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பேப்பரில் 'இந்திய அமைதி காக்கும் படை' என்று எழுதினாலும் வீட்டில் 'இந்தியன் ஆமி' என்றுதான் சொல்வோம். இன்னொரு நாட்டின் படை ஒரு நாள் கூடுதலாக நின்றால் அந்த ஒரு நாளில் என்னென்ன நடக்கும் என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அண்ணை எழுதித் தந்ததில் முன்பாதி திகதிகளும் விபரங்களும். கடைசிப் பத்திதான் நான் எடுத்தது. அவருடைய ஒழுங்கையில் ஒரு பெடியன், சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவன். 1989இல் ரியூஷன் முடிந்து வரும்போது தமிழ்த் தேசிய இராணுவத்துக்கென்று பிடித்துக்கொண்டு போனார்கள். மொட்டையடித்துத் துவக்குக் கொடுத்தார்கள். அவனுடைய சைக்கிளை அடுத்த நாள் யாரோ கொண்டுவந்து மதிலில் சாத்தி வைத்திருந்தார்கள். இந்தியன் ஆமி கப்பலேறிய பிறகு, அவர்கள் உருவாக்கிவிட்டுப் போன அந்தப் படையும் சிதறிப் போனது. பெடியன் திரும்பி வரவில்லை. பத்தி இப்படி முடிந்திருந்தது: 'காபூலிலும் ஆமிக்கு மொழிபெயர்த்த பெடியள் இருப்பார்கள். அவர்களை என்ன செய்யப் போகிறார்கள் என்று இரண்டு பக்கத்திலும் ஒருவரும் எழுதவில்லை.'

இடமில்லை என்பது முழுப் பொய் இல்லை. பின்னேரம் நாலு மணிக்குப் புத்தாண்டுச் சலுகை விளம்பரம் ஒன்று வந்து கால் பக்கத்தை எடுத்துக்கொண்டது. ஆனால் விளம்பரம் வராவிட்டாலும் அந்தப் பத்தியைப் போட்டிருப்பேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அதை வாசிக்கிறவர் 'அப்படியென்றால் ஆமி நிற்பதுதானே நல்லது' என்று எடுத்துக்கொள்வார், என் வாதம் உடைந்துவிடும் என்ற பயம் எனக்குள் இருந்தது. அண்ணையே ஆமி நிற்க வேண்டும் என்று சொன்னவர் இல்லை. "போகத்தான் வேணும் தம்பி, அதில என்ன கதை" என்று முன்பொருநாள் தேநீர் குடிக்கும்போது சொல்லியிருக்கிறார். போகிறவன் யாரை விட்டுவிட்டுப் போகிறான் என்பதுதான் அவருடைய கேள்வி. நான் அதை எதிர்க்கட்சி வாதமாக எண்ணிவிட்டேன்.

சரி, போட்டிருந்தால் மட்டும் என்ன நடந்திருக்கும்? கொழும்பில் ஒரு தமிழ்ப் பேப்பரின் பெட்டிச் செய்தியைப் பார்த்து வாஷிங்டனில் யாரும் விசா கொடுக்கப் போவதில்லை. இப்படி எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் அண்ணை வாஷிங்டனுக்காக எழுதவில்லை. அந்தப் பெடியனின் தாய் எங்கள் பேப்பரை வாசிக்கிறவர்.

ஆகஸ்ட் 15இல் காபூல் விழுந்தது. அடுத்த நாள் ஓடுபாதையில் ஓடிய அமெரிக்க விமானத்தோடு ஆட்கள் ஓடினார்கள், சிலர் அதன் பக்கத்தில் தொற்றிக்கொண்டார்கள். அந்தப் படத்துக்குத் தலைப்பு எழுத வேண்டியவன் நான். அரை மணித்தியாலம் எழுத முடியவில்லை. 20ஆம் திகதி இரவு இங்கே கொரோனா ஊரடங்கு வந்துவிட்டது. வீட்டிலிருந்து வேலை. 30ஆம் திகதி கடைசி விமானம் போன செய்தியைப் போட்டு முடித்தபின், தாங்க முடியாமல் அண்ணைக்கு ஃபோன் எடுத்தேன்.

அவர் பால்மா கிடைக்கவில்லை என்றார், காஸ் சிலிண்டருக்கு வரிசை என்றார். நான் இடைமறித்து, "அண்ணை, அந்தப் பத்தியை இந்த ஞாயிறு போடுவமே?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "இப்ப எல்லாருக்கும் தெரியும்தானே தம்பி. வேண்டாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

படைகள் போக வேண்டும் என்ற கருத்தை நான் இன்றும் மாற்றவில்லை. இருபது வருடம் நின்றவர்கள் இன்னும் ஐந்து வருடம் நின்றால் மட்டும் அந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு வழி பிறந்திருக்குமா? அதே சமயம், எங்கள் ஊரில் ஆமி போய் மூன்று மாதம் ஆகுமுன்பே திரும்பவும் சண்டை தொடங்கியதை என் கட்டுரையில் ஒரே வரியில் கடந்து போயிருந்தேன். தெரியாமல் விட்டதல்ல அது.

அண்ணையின் தாள் இன்னும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. நீல மை, வரிகளுக்கிடையில் திருத்தம் ஒன்றுமில்லை. பக்கத்தில் போட்டிருந்தால் அது பதினொரு வரி வந்திருக்கும், பிறகு எண்ணிப் பார்த்தேன். பிரேமதாசவும் ராஜீவ் காந்தியும் மாறி மாறி எழுதிக்கொண்ட கடிதங்களைப் பற்றி என் கட்டுரையில் ஒரு பத்தி இருந்தது, எல்லோருக்கும் தெரிந்த கதை. அது பன்னிரண்டு வரி.