எய்ட்ஸ் வரலாற்றுக்கு ஒரு சிறிய அருங்காட்சியகம்

எய்ட்ஸ் நோயின் வரலாற்றைச் சொல்லும் ஒரு சிறிய அருங்காட்சியகத்துக்குச் சென்றிருந்தேன். லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு அரிய வகை நிமோனியா கண்டதாக 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட குறிப்பிலிருந்து காட்சி தொடங்குகிறது. 1983இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் எய்ட்ஸை உண்டாக்கும் வைரஸைப் பிரித்தெடுத்ததை ஒரே பலகையில் முடித்துவிட்டார்கள்.

என்னை நெடுநேரம் நிறுத்தியது ஒரு கண்ணாடிப் பேழை. 1987இல் அனுமதி பெற்ற ஏஇசட்டி என்ற எய்ட்ஸ் மருந்தின், நீலப்பட்டை போட்ட வெள்ளை கேப்சூல்கள். அருகில், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒலித்து நோயாளியை நள்ளிரவிலும் எழுப்பிய மாத்திரைப் பெட்டி. பெரும் நம்பிக்கையோடு வந்த அந்த மருந்து ரத்தசோகையையும் குமட்டலையும் தந்தது. வைரஸும் விரைவிலேயே அதை எதிர்க்கப் பழகிக்கொண்டது. 1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்த பிறகுதான், அதுவும் கிடைத்த நாடுகளில் மட்டும், மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.

அடுத்த அறையில், இறந்தவர்களுக்காக உற்றாரும் நண்பர்களும் தைத்த நினைவுப் போர்வையின் ஒரு துண்டு: மூன்றடி அகலம், ஆறடி நீளம், ஏறத்தாழ ஒரு புதைகுழியின் அளவு. கட்டம் போட்ட சட்டையொன்றைப் பொத்தான்களோடு அப்படியே தைத்திருக்கிறார்கள். தையல் பழகாத கை என்பது கோணலாக ஓடும் நூலில் தெரிகிறது. குடும்பப் பெயர் இல்லை, முதல் பெயர் மட்டுமே (ஊராரின் ஏச்சுக்கு அஞ்சித்தான் இருக்கும்). புள்ளிவிவரப் பலகைகளைக் குறைத்து, இதுபோன்ற துண்டுகளை இன்னும் இரண்டு மாட்டியிருக்கலாம் என்பது என் எண்ணம்.