ஜோர் லகாவ்

கல்யாணம் முடிஞ்சு 2016ல நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல பாம்பே வந்து இறங்குனப்ப எனக்கு தெரிஞ்ச இந்தி மொத்தமே நாலஞ்சு வார்த்தைதான். தாராவி 90 ஃபீட் ரோட்டுல நின்னா திருநெல்வேலியில நிக்கிற மாதிரியே இருக்கும், அதனால பயமில்லனு வீட்டுக்காரர் சொன்னார். அது நிஜம்தான், ஆனா நான் வேலைக்கு சேர்ந்தது ஆஸ்பத்திரி லேபர் ரூம்ல, அங்க தமிழ் மட்டும் போதாது. என் சர்டிபிகேட்ல ஆர்.என்.ஆர்.எம்.னு இருக்கும், அதுல பின்னாடி வர்ற ஆர்.எம்.தான் மிட்வைஃப், அதாவது பிரசவம் பாக்குறவ, ஆனா யாரும் அப்படி கூப்பிடுறதில்ல, எல்லாருக்கும் சிஸ்டர்தான், ஊர்ல எங்க ஆச்சி மட்டும் "பேத்தி மருத்துவச்சி"ம்பா.

முதல் வாரம் நைட் டூட்டி. ஒரு பொண்ணு "சிஸ்டர், பானி ஜா ரஹா ஹை"ங்குது. எங்க சால்ல (வரிசையா ஒத்த ரூம் வீடுங்க இருக்கிற கட்டிடம்) காலையில கொஞ்ச நேரம்தான் குழாய்ல தண்ணி வரும், அந்த ஞாபகத்துல நான் பாத்ரூம்ல குழாய் ஒழுகுதோனு போய் பாத்துட்டு வர்றேன்! பனிக்குடம் உடைஞ்சதை இங்க அப்படித்தான் சொல்வாங்களாம். மாவ்ஷி (இங்க ஆயாம்மாவை சித்தி முறை வச்சுதான் கூப்பிடுவாங்க) சிரிச்சு சிரிச்சு வார்டு பூரா சொல்லிட்டாங்க. சிரிப்பு ஒரு பக்கம், தண்ணி எப்ப உடைஞ்சதுனு மணி கணக்கு தெரியலைனா இன்ஃபெக்‌ஷன் ஆபத்து, அதனால அன்னைக்கே ஒரு குயர் நோட்டு வாங்கி எழுத ஆரம்பிச்சேன். "தர்த்"னா வலி, "கள்"னா மராத்தில பிரசவ வலி, "லம்பி சாஸ் லோ"னா மூச்சை நல்லா இழு, "ஜோர் லகாவ்"னா முக்கு.

இப்படி கத்துக்கிட்டதுல ஒரு கோளாறு, எனக்கு வந்த இந்தி எல்லாமே உத்தரவு போடுற இந்தி. காய்க்காரர்கிட்ட, ஆட்டோக்காரர்கிட்ட, ஏன் பக்கத்து வீட்டு பாட்டிகிட்ட கூட கால் மடக்கு, அசையாதேங்கிற தோரணையிலதான் வரும்.

வேலைய பத்தி சொல்லணும்னா அந்த ஜூலை மழைதான் ஞாபகம் வருது. சயான் ஸ்டேஷன் தண்டவாளத்துல தண்ணி, லோக்கல் ட்ரெயின் ஓடல, காலை ஷிப்ட் ஆளுங்க வரமுடியல, நைட் வந்த நாங்க ரெண்டு பேருதான் மறுநாள் சாயங்காலம் வரைக்கும். அரை மணிக்கு ஒருதடவை குழந்தையோட ஹார்ட் பீட் கேக்கணும், 110ல இருந்து 160க்குள்ள இருக்கணும், பார்ட்டோகிராஃப்ல, அதாவது பிரசவம் எப்படி போகுதுனு குறிக்கிற சார்ட்ல, புள்ளி வைக்கணும், குழந்தை வந்த ஒரு நிமிஷத்துக்குள்ள அம்மாவுக்கு கர்ப்பப்பை சுருங்குறதுக்கு ஆக்ஸிடாசின் ஊசி 10 யூனிட், நச்சுக்கொடி வந்தப்புறம் கர்ப்பப்பை கல்லு மாதிரி இறுகுதானு வயித்த தொட்டு தொட்டு பாக்கணும், இல்லைனா ரத்தப்போக்கு, அத நினைச்சாலே எனக்கு வயிறு கலங்கும். அன்னைக்கு ஆறு பிரசவம், ஆறும் நல்லபடியா. ஒருத்தர் வீட்டுல பேடா, ஒருத்தர் வீட்டுல பர்ஃபி கொடுத்தாங்க, பையன்னா பேடா பொண்ணுனா பர்ஃபினு இங்க ஒரு வழக்கம், எனக்கு பர்ஃபிதான் பிடிக்கும், கூடவே பர்ஃபி கொடுக்க மனசு வராத வீடுங்களையும் பாத்திருக்கேன்.

ஆனா எல்லா நாளும் அப்படி இல்ல. வரும்போதே துடிப்பு இல்லாம வந்த ஒரு கேஸ். டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாங்க, அந்த பொண்ணுக்கும் தெரியும், இருந்தும் பிறந்ததும் என் கையப் பிடிச்சு "ரோயா க்யூ நஹீ"னு கேட்டுச்சு. ஏன் அழலனு. என் நோட்டுல அதுக்கு பதில் இல்ல. தமிழ்ல கேட்டிருந்தாலும் இருந்திருக்காது, ஆனா தமிழ்னா "தாயி"னு ஒரு வார்த்தையாச்சும் வாயில வந்திருக்கும். துணியில சுத்தி மடியில குடுத்துட்டு பக்கத்துலயே உக்காந்திருந்தேன். மாவ்ஷிதான் மராத்தில ஏதோ முணுமுணுத்து தலைய தடவிக்கிட்டே இருந்தாங்க, அது என்ன வார்த்தைனு அப்புறமா கேட்கணும்னு நினைச்சேன், கேட்கவே இல்ல.

போன மாசம் தாராவியில இருந்து ஒரு தலைச்சன் பிரசவம், சங்கரன்கோவில் பக்கத்து பொண்ணு. கடைசி நேரத்துல நான் பழக்கதோஷத்துல "ஜோர் லகாவ், ஜோர் லகாவ்"னு கத்திக்கிட்டே இருக்கேன். அது அந்த வலியிலயும் தலைய தூக்கி, "யக்கா, தமிழ்ல சொல்லுங்கக்கா"ங்குது!