குழி எண் 47

காலையில் மேயரின் வசந்தகால அறிக்கையை அலைபேசியில் படித்துக்கொண்டே நடந்தேன். கால் ஒரு குழிக்குள் இறங்கியது.

சரியாக அந்த வரியில்தான் இருந்தேன்: சாலைக் குழிகளை அடைக்கும் பணி தொடங்கிவிட்டதாம்.

குனிந்து பார்த்தேன். குழியைச் சுற்றி வெள்ளை பெயின்ட்டில் ஒரு வட்டம். பக்கத்தில் 47 என்று ஓர் எண். அப்படியானால் யாரோ வந்து எண்ணிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

விரிசலுக்குள் இறங்கும் தண்ணீர் குளிரில் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. வசந்தத்தில் உருகியதும் அடிமண் இளகி, தாருக்கு அடியில் வெற்றிடம் விழுகிறது. மேலே நாலு லாரி போனால் போதும், தார் உட்கார்ந்துவிடும். ஈரத்தோடு அவசரமாக அடைத்தாலும் ஒட்டு நிற்காது.

மரம் நடும் நாள், பூங்கா திறப்பு எல்லாம் அறிக்கையில் இருந்தன. மேயரின் படமும். (கொஞ்சம் பெரிய படம்தான்.)

படத்துக்குப் பதில் இந்த எண்களைப் போட்டிருக்கலாம். எத்தனை குழி, எத்தனை அடைத்தாயிற்று. அதைக் கடைசி வரி வரை படித்திருப்பேன்.

மாலையில் திரும்பும்போது பார்த்தேன். 47 அப்படியே இருந்தது.

46 அடைபட்டிருந்தது.