டூல்போஸ்ட் மாத்தப்போய் கல்முனைக்கு மூண்டு தரம் ஓடின கதை

வேலை ஒரு மாதிரி முடிஞ்சுது, ஆனா கடுப்பு இன்னும் அடங்கல்ல, அந்தச் சூட்டோடயே எழுதுறன். களுவாஞ்சிகுடியில வீட்டுப் பின்பக்கம் சின்ன சீன லேத் (இரும்பைச் சுழட்டிக் கடையிற மெசின்) ஒண்டு வச்சிருக்கன், ஏழு இஞ்சி சுவிங், அதாவது அவ்வளவு விட்டச் சாமான் வரைதான் சுழட்டலாம், சென்டர் உயரம் 90 மில்லி, தண்ணி மோட்டருக்கு புஷ் கடையிறது, தையல் மெசின் சாமான் அப்பிடி சில்லறை வேலை. அதோட வந்த நாலுபக்க டூல்போஸ்டுக்கு, அதாவது வெட்டுற டூலைப் பிடிக்கிற கட்டைக்கு, டூல் மாத்துற நேரமெல்லாம் உயரம் சரிவர அடியில தகடு வெட்டி வச்சு வச்சு விசர் பிடிச்சுத்தான் டூலை ஹோல்டரோட டக்கெண்டு மாத்துற குயிக் சேஞ் போஸ்ட் ஒண்டு எடுப்பிச்சன், ஆப்பு மாதிரி இறுக்குற வெட்ஜ் டைப். பார்சல் ஒழுங்கா வந்துது, அதில ஒரு கதையுமில்ல.

பழசைக் கழட்டிப் புதுசை வச்சா ஆடுது. குனிஞ்சு பாத்தா, போஸ்டைத் தாங்கி நகர்ற மேல் ஸ்லைட்டில போல்ட்டைச் சுத்தி ஒரு வட்ட மேடு, வேர்னியரால அளந்தா 2.3 மில்லி உயரம். பழைய போஸ்டுக்கு அடியில அதுக்கேத்த குழி இரிக்கு, புதுசுக்கு அடி வழுவழு தட்டை. நானும் பெரிய கெட்டிக்காரன் மாதிரி, இறுக்கினாச் சரிவரும் எண்டு நட்டை இறுக்கிப்போட்டு இரும்புக் கம்பி ஒண்டை பார்ட்டிங் டூலால (துண்டாக்குற மெல்லிய டூல்) வெட்டப் போனன். போஸ்ட் அந்தச் சின்ன மேட்டில நிண்டு ஊசலாட, டூல் கம்பிக்குள்ள புகுந்து டக்கெண்டு பிளேட் ரெண்டு துண்டு. கண்ணாடி போட்டிருந்ததால தப்பினன், இல்லாட்டி இத எழுதியிருக்கேலாது.

போஸ்டுக்கு அடியில குழி போடுவமெண்டு அரத்தை வச்சுப் பாத்தன், அரம் வழுக்கிட்டுப் போகுது, அவ்வளவு கடினப்படுத்தின உருக்கு. அப்ப மேட்டைத்தான் எடுக்கோணும், அது வார்ப்பிரும்பு, லேசு. ஆனா என்ட லேத்தில செய்யேலாது, டூலைப் பிடிக்கிற சாமானையே கழட்டினா டூலை எதில பிடிக்கிறது? கண்ணாடியக் கழட்டி வச்சிட்டு கண்ணாடி தேடின கதைதான். சரி, கல்முனையில பெரிய லேத் கடைக்குக் கொண்டுபோவம்.

முதல் தரம் ஸ்லைட்டை சொப்பிங் பேக்கில சுத்திக்கொண்டு பைக்கில போனன், கல்லாறெல்லாம் கடந்து போய்ப் பாத்தா கடை பூட்டு. வெள்ளிக்கிழமை, ஜும்மா நாள்! கல்முனைக்கு வெள்ளிக்கிழமை சாமான் செய்யப் போனவன் நான் ஒருத்தனாத்தான் இரிப்பன்.

ரெண்டாந் தரம் சனிக்கிழமை. கடைக்கார நானா ஸ்லைட்டை வாங்கி ரெண்டுபக்கமும் திருப்பிப் பாத்திட்டு, "தம்பி, இப்பிடிக் கைபிடியும் ஸ்குரூவும் தொங்கத் தொங்கக் கொண்டந்தா நான் எதில வச்சு இறுக்குறது?" எண்டார். அவர் சொன்னதும் சரிதான், லேத்தில சாமானை இறுக்கிச் சுழட்டுற ஃபேஸ் பிளேட்டில அடி தட்டையா இரிந்தாத்தான் வேலை. கழட்டுற சின்ன அலன் கீ என்னட்டயும் இல்ல, அவரிட்டயும் இல்ல. திரும்பி வந்திட்டன். நீங்க போறதெண்டா கைபிடி, ஸ்குரூ, கிப் (ஸ்லைட் ஆடாமப் பிடிக்கிற பட்டி), பழைய போல்ட் எல்லாம் வீட்டிலயே கழட்டி வெறும் கட்டையாக் கொண்டுபோங்கோ.

மூண்டாந் தரம் பத்து நிமிசம்! நானா மேட்டைச் சுத்தியுள்ள முகம் முழுக்க மார்க்கர் பேனையால பூசினார், டயல் கேஜ் (சின்ன ஏற்றத்தாழ்வையும் முள்ளில காட்டுற அளவி) வச்சு முகத்தை நேராக்கினார், பிறகு மெல்ல மெல்ல வெட்டு, சாம்பல் மாதிரித் தூள் கொட்டுது. கடைசி வெட்டில மேடு போய், மை அழியத் தொடங்கினதுதான் தாமதம், மெசினை நிப்பாட்டிட்டார். "இதுக்கு மேல ஒரு மயிரளவும் தேவையில்ல" எண்டார். 500 ரூபா. போனது பெற்றோலுக்குத்தான் கூட.

பழைய போல்ட் புது போஸ்டுக்குக் கட்டை, அதால அடுத்த அலைச்சல். வாகன சாமான் கடையில பத்து மில்லித் தடிப்பில நீளமான போல்ட் கேட்டு வாங்கி வந்து போட்டா ரெண்டு சுத்துச் சுத்தி இறுகிப்போச்சு. கடைக்காரர் "பத்தெண்டாப் பத்துத்தான் தம்பி" எண்டு ஒரே பிடியா நிக்கிறார். ஜப்பான் வாகனங்களில பத்து மில்லிக்கு 1.25 மில்லி இடைவெளி மரைதான் வாறது, என்ட ஸ்லைட்டில 1.5. பலவந்தமாச் சுத்தியிருந்தா வார்ப்பிரும்பு மரை தூளாப் போயிருக்கும். பழைய போல்ட்டையும் நட்டையும் கையில கொண்டுபோய், புதுப் போல்ட்டில அந்த நட்டை ஓடவிட்டுப் பாத்து வாங்குங்கோ. கூரை தொங்கவிடுற மரைக்கம்பி வேணாம், அது மெத்து, 8.8 எண்டு தலையில அடிச்ச போல்ட் எடுத்துத் தலைய வெட்டினாச் சரி. அடியால வெளிய நீட்டாமப் பாத்துக்கொள்ளுங்கோ, எனக்கு நீட்டி ஸ்லைட் அசையவே இல்ல, அதையும் அரத்தால ராவினன்.

இனித்தான் கடைசிப் பிழை, என்ட பிழையேதான். போஸ்டோட சேத்து 12 மில்லித் தடிப்பு டூல் செட் ஒண்டும் எடுப்பிச்சிருந்தன். ஹோல்டரை அடிமட்டத்துக்கு இறக்கினாலும் டூல் நுனி சென்டரை (கம்பி சுழல்ற நடுக்கோடு) விட 1.5 மில்லி மேல நிக்குது. மேல நிண்டா டூல் வெட்டாது, வயிறு உரசும். பாக்கிறதுக்கு லேசான வழி, கம்பிக்கும் டூல் நுனிக்கும் நடுவில மெல்லிய இரும்பு ஸ்கேலை மெதுவா நெரியுங்கோ, ஸ்கேல் மேல்முனை நமக்கு மற்றப்பக்கம் சாஞ்சா டூல் மேல நிக்குது, நம்ம பக்கம் சாஞ்சாக் கீழ நிக்குது. எனக்கு நல்லாவே மற்றப்பக்கம் சாஞ்சுது. பெட்டியில கிடந்த பழைய 8 மில்லி டூலைப் போட்டன், கச்சிதம், ஹோல்டரை நட்டால உயத்திப் பதிச்சு சென்டருக்குக் கொண்டுவந்து கம்பி முனையைத் தட்டையாக் கடைஞ்சா நடுவில மிஞ்சுற குமிழே இல்ல. நேத்து அதே கம்பியப் பார்ட்டிங் டூலால வெட்டினன், சத்தமே இல்லாம தோல் மாதிரிச் சுருண்டு வந்துது, மனுசியக் கூப்பிட்டுக் காட்டினன், "இதுக்கா ஒரு கிழமையா அலைஞ்சது" எண்டிட்டு உள்ளுக்குப் போயிட்டா.

ஆருக்கும் பெரிய லேத் இரிந்தாச் சொல்லுங்கோ, 12 மில்லி டூல் அஞ்சு, உறை பிரிச்சதோட சரி, சும்மா கிடக்கு.