தம்பூராவைத் தனி ட்ராக்கில் பிடித்தாயிற்று: ஒத்திகைக்கு ரெக்கார்டர் தேடிய கதை

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு அந்த ஒட்டு சரியாக விழுந்தது. கல்யாணியில் ஒரு கீர்த்தனை. முதல் டேக்கில் அனுபல்லவி வரை அருமை, சரணத்தில் பாடுகிற அக்காவுக்கு இருமல். இரண்டாவது டேக்கில் சரணம் நன்றாக வந்திருந்தது. மிருதங்க முத்தாய்ப்பு முடிந்து சமம் (தாளத்தின் முதல் தட்டு) விழும் இடத்தில் வெட்டி, இரண்டையும் சேர்த்தேன். கண்ணை மூடி ஐந்து முறை கேட்டேன். ஒட்டிய இடம் எனக்கே தெரியவில்லை. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், இல்லாவிட்டால் எழுப்பிக் கேட்கவைத்திருப்பேன்.

மூன்று வருடமாக இந்த ஒட்டுக்குத்தான் பாடுபட்டேன். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் நான்கு பேர்: பாடுவது அக்கா, வயலின் தம்பி ஒருவன், கடம் மாமா, மிருதங்கம் நான். இதுவரை கையடக்க ரெக்கார்டர் ஒன்றை நடுவில் வைத்து ஸ்டீரியோவில் பதிவு செய்துகொண்டிருந்தோம். கேட்க மோசமில்லை. ஆனால் எதையும் திருத்த முடியாது. வெட்டினால், மின் சுருதிப் பெட்டியிலிருந்து வரும் தம்பூரா காட்டிக்கொடுத்துவிடும். பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று நாலு தந்தியாகச் சுற்றிக்கொண்டிருக்கும் நாதம், ஒட்டிய இடத்தில் மந்தரம் பாதி கரையும்போதே தடாலென்று அனுசாரணிக்குத் தாவும். பாட்டில் ஒட்டுத் தெரியாவிட்டாலும் பின்னால் சுருதி தடுக்கி விழுவது எந்தக் காதுக்கும் தெரிந்துவிடும்.

லேப்டாப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸும் போதாதா என்று கேட்பீர்கள். அதையும் ஒரு வருடம் செய்தேன். எங்கள் மாடி அறையில் ஆலாபனை ஆரம்பித்தால் லேப்டாப் மின்விசிறியின் இரைச்சல் மைக்கில் ஏறும். அதைவிடப் பெரிய தொல்லை, திரை என்று ஒன்று இருந்தால் எல்லோர் கண்ணும் அங்கேயே போகிறது. அலை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே வாசித்தால் கீர்த்தனை எங்கே உருப்படும்? பொத்தானை அழுத்திவிட்டு மறந்துவிடுகிற மாதிரி ஒரு பெட்டி வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பெட்டி தேடிய கதையைச் சுருக்கிவிடுகிறேன். ஜூம் ஆர்16 முதலில் கண்ணில் பட்டது. ஒரே நேரத்தில் 8 ட்ராக் (தனித்தனிப் பதிவு), ஆறு பென்சில் பேட்டரியில் ஓடும், எடையும் குறைவு. கண்டென்சர் மைக்குக்குப் பெட்டி கொடுக்க வேண்டிய மின்சாரம், அதாவது ஃபாண்டம் பவர், மட்டும் 5, 6 ஆகிய இரண்டு வழிகளில்தான். எனக்குக் கண்டென்சர் மூன்று. டாஸ்கேம் டிபி-24எஸ்டியை நண்பர் ஒருவர் வீட்டில் தொட்டுப் பார்த்தேன். 24 ட்ராக், எட்டு வழி உள்ளே, வீட்டில் தனியாக உட்கார்ந்து அடுக்கடுக்காகப் பாட்டுக் கட்டுபவருக்கு மிக நல்ல பெட்டி. இப்படி ட்ராக் எண்ணிக்கையையே ஒப்பிட்டுப் பட்டியல் போட்டுக்கொண்டு ஆறு மாதம் ஓடியது. அந்தப் பட்டியலே தப்பு என்று பிறகுதான் புரிந்தது.

நான் எண்ணியிருக்க வேண்டியது ஹெட்போன் துளைகளை. யோசித்துப் பாருங்கள். மற்றதை வெட்டினாலும் தம்பூரா அறுபடாமல் ஓட அது தனி ட்ராக்கில் வர வேண்டும், அப்படியென்றால் அது அறையில் ஒலிக்கவே கூடாது. சுருதிப் பெட்டியின் லைன் அவுட்டை (ஒலி வெளியேறும் துளையை) நேராக ரெக்கார்டருக்குள் விட்டு, அதன் ஸ்பீக்கரை அடைத்துவிட வேண்டும். ஸ்பீக்கர் அடைந்தால் நாலு பேரும் சுருதியைக் காதில் வாங்க ஹெட்போன் வேண்டும். ஒரே ஹெட்போன் வழி உள்ள பெட்டியில் ஆம்ப் போட்டு நாலாகப் பிரிக்கலாம்தான். ஆனால் நாலு பேருக்கும் ஒரே கலவைதான் போகும். அக்காவுக்குத் தம்பூரா கனமாக வேண்டும், எனக்கு அவர் குரல் வேண்டும், கடம் மாமாவுக்கு மிருதங்கம் இல்லாமல் முடியாது. ஒரே கலவையில் இதெல்லாம் நடக்காது.

இந்த ஒரு கணக்கில்தான் ஜூம் எல்-12 வந்து நின்றது. மிக்ஸரும் ரெக்கார்டரும் ஒன்றான பெட்டி. எட்டு மைக் வழி, இரண்டு ஸ்டீரியோ லைன் வழி, மாஸ்டரையும் சேர்த்து 14 ட்ராக் ஒரே நேரத்தில். முக்கியம், ஏ முதல் ஈ வரை ஐந்து ஹெட்போன் வழிகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கலவை. இதற்குத் தம்பியான எல்-8 பேட்டரியிலும் ஓடும், அதில் நாலு ஹெட்போன் வழி. நாலு பேருக்கு நாலு போதுமே என்று மனம் அலைந்தது. ஆனால் மார்கழியில் புல்லாங்குழல் சேர வாய்ப்பு உண்டு. கடைசியில் பயன்படுத்திய எல்-12 ஒன்று 38,000 ரூபாய்க்குக் கிடைத்தது, எடுத்துவிட்டேன்.

வயரிங் எங்கள் வீட்டில் இப்படி. ஃபாண்டம் பவர் ஒவ்வொரு வழிக்கும் தனியாக இல்லை, 1 முதல் 4 ஒரு சுவிட்ச், 5 முதல் 8 இன்னொன்று. அதனால் குரல், வயலின், கடம் மூன்றின் கண்டென்சர்களும் 1, 2, 3-இல். மிருதங்கத்தின் வலந்தலையும் (வலக்கைப் பக்கம்) தொப்பியும் (இடக்கைப் பக்கம்) அந்த மின்சாரம் தேவையில்லாத டைனமிக் மைக்கில், 5, 6-இல். தம்பூரா 9/10-இல். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். மாஸ்டரோடு சேர்த்து ஒன்பது ட்ராக், இரண்டு மணி நேர ஒத்திகைக்கு 9 ஜிபியைத் தாண்டும். 24 பிட்டில் மேலே இடம் விட்டாலும் நஷ்டமில்லை, அதனால் வலந்தலையின் பலத்த சாப்பு (அடி) -12 டெசிபலைத் தொடுகிற அளவுக்குத்தான் கெயின் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு). தனி ஆவர்த்தனம் சூடு பிடித்தால் கை தானாகவே இன்னும் நாலைந்து டெசிபல் கூட்டிவிடும், எனக்கு என் கை தெரியும்.

இனி என்னை மூன்று ஞாயிற்றுக்கிழமை தண்ணி குடிக்க வைத்த விஷயம், ஹெட்போன் கலவை அமைப்பது.

பெட்டியில் ஒரே வரிசை ஃபேடர்தான் (மேலும் கீழும் தள்ளி ஒலியளவை மாற்றும் குமிழ்). மாஸ்டர் என்று வைத்தால் அவை மாஸ்டருக்கு உரியவை. ஏ-வை அழுத்தினால் அதே ஃபேடர்கள் ஏ-வின் கலவைக்கு உரியவை. ஃபேடரில் மோட்டார் கிடையாது. பொத்தானை மாற்றினாலும் அவை விட்ட இடத்திலேயே நிற்கும், உண்மையான அளவு வேறெங்கோ இருக்கும். அந்த அளவை மீட்டர் விளக்கு காட்டும். ஃபேடரைத் தள்ளிக்கொண்டே போய் அந்த அளவைக் கடந்தால்தான் பிடிக்கும், அதுவரை அசைத்தால் ஒன்றும் நடக்காது. முதல் நாள் இது தெரியாமல் ‘தம்பூரா ஃபேடர் வேலை செய்யவில்லை’ என்று கேபிளை எல்லாம் கழற்றி மாட்டினேன். இப்போது எனக்கு ஒரு முறை பழகிவிட்டது. ஒரு கலவையைத் தொடும் முன் எல்லா ஃபேடரையும் அடிவரை இறக்கி, பிறகு மேலே ஏற்றுவேன். வழியில் எங்கேயோ பிடித்துக்கொள்ளும், அங்கிருந்து காதை நம்பி வைப்பேன். நாலு கலவையும் அமைந்ததும் ஸீனில் (மொத்த அமைப்பையும் நினைவில் வைக்கும் இடம்) சேமித்துவிடுகிறேன், மொத்தம் ஒன்பது ஸீன் கொள்ளும். அடுத்த வாரம் அழைத்தால் அப்படியே வரும்.

கலவை அமைந்தாலும் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. பெரிய ஹெட்போனை மாட்டிப் பாடிப் பார்த்தார். ரெண்டாவது சங்கதியிலேயே கழற்றி மடியில் வைத்துவிட்டார். “ரெண்டு காதையும் மூடினா என் குரல் எங்க நிக்குதுன்னே தெரியலடா” என்றார். அவர் சொன்னது நிஜம், ட்ராக்கைத் தனியாகக் கேட்டபோது மேல் ஷட்ஜம் மயிரிழை இறங்கியிருந்தது. சரி, ஒரு காது மட்டும் மூடட்டும் என்றால், திறந்த பக்கத்து ஹெட்போனிலிருந்து தம்பூரா கசிந்து குரல் மைக்கிலேயே ஏறுகிறது. எதை வெளியேற்ற இத்தனை பாடோ அதுவே கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டது!

பல வழி பார்த்து, கடைசியில் சின்னதாகக் காதுக்குள் போகும் இயர்போன்தான் சரிப்பட்டது. இடது காதில் ஒரு மொட்டு. வலப்பக்கத்து மொட்டைப் பஞ்சில் சுற்றி, இன்சுலேஷன் டேப் ஒட்டி, முதுகுப் பக்கம் விட்டாயிற்று. வலது காது திறந்திருப்பதால் தன் குரலை அறையிலேயே கேட்கிறார். அவருடைய கலவையில் தம்பூராவும் கொஞ்சம் வயலினும் மட்டும், அவர் குரலே இல்லை. 5½ கட்டையில் மேல் ஷட்ஜம் இப்போது கோடு போட்ட மாதிரி நிற்கிறது. குரல் ட்ராக்கைத் தனியாக, சத்தமாக வைத்துக் கேட்டேன், தம்பூரா துளியும் இல்லை.

மிருதங்கத்தைச் சுருதி சேர்ப்பது இன்னொரு சிக்கல். ஹெட்போனில் வரும் சுருதிக்குக் கல்லும் புள்ளும் (சிறு மரக்கட்டை) வைத்துச் சேர்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை, அறைக்காற்றில் இரண்டும் கலந்து ஒன்றுகிற அந்தக் கணம் காதுக்குள் கிடைப்பதில்லை. அதனால் ஸ்பீக்கரைத் திறந்து வைத்துச் சேர்த்து முடித்துவிட்டு, அப்புறம்தான் லைன் அவுட்டில் ஜாக்கைச் சொருகுகிறேன். சொருகியதும் சுருதிப் பெட்டியின் ஸ்பீக்கர் தானாக அடங்கிவிடும். அந்த நொடியில் அறை சட்டென்று வெறிச்சிடும், முதல் வாரம் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

கேபிள் விஷயம் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் ரெடிமேட் மைக் கேபிள் ஐந்து வாங்கினேன். மூன்றில் ஹம் (ஓயாத ரீங்கார இரைச்சல்). பிரித்துப் பார்த்தால் இரண்டில் ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உறை வயர்) மூன்றாம் முனையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது, ஒன்றில் ஷீல்டே தொடவில்லை. விற்றவரிடம் காட்டினால் ‘எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க’ என்றார். ஒரு பாட்டுக்காரரின் ஒரு மாலைப் பொழுதை அந்த மூன்று கேபிள்கள் தின்றன, அதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. இப்போது அதே தெருவில் மீட்டர் கணக்கில் இரட்டைக் கோர் ஷீல்டு வயரும் கனெக்டரும் தனித்தனியாக வாங்கி நானே பற்றவைக்கிறேன். ஒன்றில் ஷீல்டு, இரண்டில் பாசிட்டிவ், மூன்றில் நெகட்டிவ். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் ஒரு கேபிளும் வீட்டுக்குள் வருவதில்லை. ஹெட்போனுக்குக் கால் இஞ்ச் அடாப்டர் வாங்கும்போது ஸ்டீரியோதானா என்று வளையத்தை எண்ணிப் பாருங்கள், மோனோவைக் கலந்து கொடுத்துவிடுகிறார்கள்.

கரண்ட் பற்றியும். எல்-12 பேட்டரியில் ஓடாது. இரண்டாவது ஞாயிறு நிரவலின் உச்சத்தில் கரண்ட் போனது. இன்வெர்டர் உடனே எடுத்துக்கொண்டதாகத்தான் விளக்கு சொன்னது, ஆனால் அந்தக் கண்சிமிட்டலில் பெட்டி அணைந்து எரிந்தது. அந்தப் பதிவைத் திறக்க முடியவில்லை, நாற்பது நிமிடம் போயிற்று. வயலின் தம்பி அன்று வாசித்த காம்போதியை இனி எங்கே போய்த் தேடுவேன். அன்றிலிருந்து இன்வெர்டரின் பின்னால் இருக்கும் சுவிட்சை யுபிஎஸ் பக்கம் தள்ளி வைத்திருக்கிறேன், மாறுகிற நேரம் அதில் குறைவு. ஒரு உருப்படி முடிந்ததும் நிறுத்திப் புதிதாகத் தொடங்குகிறேன். அடுத்து, இன்டர்நெட் ரவுட்டருக்கு வைக்கிற 12 வோல்ட் சின்ன யுபிஎஸ்ஸை இதற்கு மாட்ட யோசனை. அடாப்டரில் போட்டிருக்கும் 2 ஆம்பியரை அது தாங்குமா, முனை எது பாசிட்டிவ் என்று பார்த்துவிட்டுத்தான் தொடுவேன்.

கடம் ட்ராக் இன்னும் எனக்குத் திருப்தியில்லை. மைக் வாய்க்கு மேலே ஓர் அடியில் இருக்கிறது, என் வலந்தலை அதில் தாராளமாகக் கேட்கிறது. மைக்குக்கும் வாத்தியத்துக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்காவது இரண்டு மைக்குகளுக்கு நடுவே இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஓர் அடிக்கு மூன்றடி, நாங்கள் உட்காருவதோ இரண்டடியில். வருகிற ஞாயிறு மாமாவை ஜன்னல் பக்கம் நகர்த்தி, மைக்கை அரையடிக்கு இறக்கப் போகிறேன். அவருக்கு என் கையைப் பார்த்து வாசிக்க வேண்டும், அதனால் முகம் என் பக்கமே இருக்கிற மாதிரி ஜமக்காளத்தைக் குறுக்காக விரித்துப் பார்க்கிறேன்.