மரத்தை விட்டுவிடலாமே என்றேன்

பனை ஏறுவதை விட்டுவிடலாமே என்று ஒரு பெரியவரிடம் சொன்னேன். "உங்களைப் போலவா?" என்று அவர் கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் யாரிடம் சொன்னாலும் "சரியான கேள்வி கேட்டார் போ" என்று சிரிக்கிறார்கள். என்னை மடக்க அவர் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நானும் "ஆமாம், என்னைப் போலத்தான்" என்று சொல்லிவிட்டு, கணக்கெடுப்புப் படிவத்தில் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். நடந்தது அவ்வளவுதான்.

இந்தோனேசியாவின் ரோத்தே தீவில், தென்மேற்குக் கடலோரக் கிராமங்களில் எனக்கு வேலை. கம்பெனி வாங்குவது கப்பாபைகஸ் என்ற கடற்பாசி. மண்டபம் பக்கம் பெப்சி பாசி என்பார்களே, அதேதான். அதிலிருந்து எடுக்கும் காரஜீனன் என்ற கெட்டியாக்கும் பொருள் ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் போகிறது. கடலில் போடும் கயிற்றில் எந்த விதைப்பாசியைக் கட்டுவது, எவ்வளவு இடைவெளி விடுவது, மணல் ஒட்டாமல் எப்படிப் பந்தலில் காயவைப்பது என்று சொல்லிக்கொடுப்பேன். காய்ந்த பாசியைக் கைப்பிடியில் அள்ளி அழுத்திப் பார்ப்பேன். ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டு, மேலே உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தால் சரி. கை நசநசவென்று ஈரமானால் இன்னொரு நாள் வெயில் வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிடித்த வேலை. இதோடு இன்னொன்றும் உண்டு. ஆண்டு முழுவதும் விளைச்சல் சீராக வரும்படி ஜனங்களை இணங்க வைக்க வேண்டும். சிக்கல் அங்கேதான்.

ஏப்ரலில் மழை ஓய்ந்தால் பாசிக்கு நல்ல காலம் தொடங்குகிறது. அறுத்ததைக் காயவைக்க வெயில் கிடைக்கும். ஆனால் பனையில் பாளை சீவுவதும் அந்த வறண்ட மாதங்களில்தான். அங்கே லொந்தார் என்று சொல்கிற மரம் நம் பனைதான். காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவி, பதநீர் இறக்கி, காய்ச்சி, கூலா ஆயர் என்கிற பாகாக்கிச் சேர்த்துவைப்பார்கள். தானியம் தீர்ந்துபோகும் மாதங்களில் அந்தப் பாகில் தண்ணீர் கலந்து குடித்தே பொழுதைத் தள்ளிவிடுகிற தீவு அது. பனையோலையைக் குழித்துக் கட்டிய பட்டையில் ஊற்றித்தான் குடிக்கிறார்கள். முதல் தடவை அதைக் கையில் வாங்கியபோது எங்கள் ஊர் சாயல்குடியில் நிற்கிற மாதிரி இருந்தது.

பாளையை நினைத்த நேரத்தில் சீவ முடியாது. விட்டால் சுரப்பு நின்றுவிடும். பாசியும் சும்மா இருக்க விடாது. கட்டிய 45 நாளில் அறுக்க வேண்டும். அதுவரை கயிற்றில் படியும் சேற்றையும் களையையும் உலுக்கிவிட வேண்டும், நுனி வெளுத்து நோய் கண்டால் உடனே கழற்ற வேண்டும். இரண்டுக்கும் இருப்பது ஒரே ஆள். ஆகவே பனைக்காலத்தில் எங்கள் கொள்முதல் வரைபடத்தில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை நிரப்பு என்பதுதான் எனக்கு வந்த உத்தரவு.

2022இல் அந்தக் கணக்கெடுப்பை நடத்தினோம். திரையில் வரும் படிவத்தில் 'முதன்மைத் தொழில்' என்று ஒரு வரி. ஒன்றைத்தான் தொட முடியும். இன்னொன்றைத் தொட்டால் முதலாவது அழிந்துவிடும். பெரியவருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். பாசி, பனை, மழைக்குச் சோளம், ஒரு சின்னப் படகு, பன்றிகள் என்று வரிசையாகச் சொன்னார். இதில் முதன்மையானது எது என்று கேட்டேன்.

"எந்த மாசத்தில்?" என்றார்.

நான் சிரித்துக்கொண்டே பாசியைத் தொட்டேன். விலை அப்போது உச்சத்தில் இருந்தது. உலர்ந்த பாசி கிலோ 30,000 ரூபியாவைத் தாண்டிவிட்டது. ஏழெட்டுக் கிலோ பச்சைப் பாசி காய்ந்து ஒரு கிலோ ஆகிறது என்று வைத்து, பனைக்குப் போகிற நேரத்தையும் கடலில் போட்டால் இன்னும் எத்தனை கயிறு பார்த்துக்கொள்ளலாம், கையில் எவ்வளவு மிஞ்சும் என்று காகிதத்தில் போட்டுக் காட்டினேன். கணக்கில் பிழை இல்லை. இப்போது எடுத்துப் பார்த்தாலும் அன்றைய விலைக்கு அது சரியான கணக்குதான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கம்பெனி சொல்லச் சொன்னது அவ்வளவுதான். நானாகச் சேர்த்துக்கொண்டது அடுத்தது: "இந்த வயதில் ஏறுவது ஆபத்து, பாபா. மகனாவது ஏற வேண்டாம். மரத்தை விட்டுவிடலாமே."

அவர் யோசித்துவிட்டுக் கேட்டார்: "பாக் (ஐயா), உங்கள் ஊரில் லொந்தார் உண்டா?"

"எங்கள் மாவட்டமே அதுதான்."

"யார் ஏறுகிறார்கள்?"

"இப்போது ரொம்பப் பேர் இல்லை."

"ஏறாதவர்கள் என்ன செய்கிறார்கள்?"

"வெளியூர், வெளிநாடு என்று வேலைக்குப் போய்விட்டார்கள்."

அப்போதுதான் அந்தக் கேள்வி.

நான் அங்கே என்ன நினைத்துப் பேசினேன் என்பதைப் பின்னால் பல தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். என் தாத்தா பனையேறி. அவர் நெஞ்சில், மரத்தை அணைத்து அணைத்துக் காய்த்துப்போன தோல், இரண்டு உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துக் கிடக்கும். சின்ன வயதில் அதைத் தடவிப் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கம் பனையேறி என்பது தொழிலின் பெயர் மட்டும் அல்ல, வசவும்கூட. அப்பா பள்ளி ஆசிரியரானார். எந்த விண்ணப்பத்திலும் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்றே எழுதினார். 1987இலிருந்து கள்ளுக்குத் தடை. பதநீர் இறக்கினாலே போலீஸ் மிரட்டுகிறது என்று தாத்தா புலம்பியது நினைவிருக்கிறது. மரங்கள் ஒவ்வொன்றாகச் செங்கல் சூளைக்குப் போயின. யாரும் அழவில்லை. விட்டது சனியன் என்கிற மாதிரிதான் வீட்டில் பேச்சு. இப்போது அரசு பனை விதை விநியோகிக்கிறது, வெட்டுவதற்குக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஏறுவதற்கு ஆள் எங்கே என்பதுதான் கேள்வி.

ரோத்தேயில் அந்த இழிவு என் கண்ணில் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முன்வரிசையில் கோட்டு போட்டு உட்காரும் மூப்பர் ஒருவரைத் திங்கட்கிழமை காலையில் பனை உச்சியில் பார்த்திருக்கிறேன். மேலேயிருந்தே கையசைத்தார். ஆக, 'மகனாவது ஏற வேண்டாம்' என்று நான் சொன்னதில் பாதி எக்செல் தாளிலிருந்து வந்தது, மீதி சாயல்குடியிலிருந்து. எங்கள் வீட்டு வெட்கத்தை அவருக்கு அறிவுரையாகக் கொடுத்தேனோ என்று சில நாள் தோன்றும்.

சில நாள் அப்படித் தோன்றாது. ஏறுவது ஆபத்து என்பது வெட்கத்தால் வந்த எண்ணம் இல்லை. விழுந்தவர்களை இரண்டு ஊரிலும் பார்த்திருக்கிறேன். பதநீர் காய்ச்ச மணிக்கணக்கில் அடுப்புப் புகையில் நிற்பது பெண்கள். விறகு வேறு தேட வேண்டும். அவ்வளவுக்கும் பாகுக்குக் கிடைக்கிற விலை சொற்பம். பாசியில் கயிற்றில் விதை கட்டுவது பெரும்பாலும் பெண்கள்தான். ஆனால் அந்தக் காசு அவர்கள் கைக்கே வருகிறது. பெரியவரின் மகள் பக்கத்துத் தீமோர் தீவின் குப்பாங் நகரத்தில் நர்ஸ் படிப்பு படிப்பது பாசிக் காசில். ஓலைச்சுவர் வீடுகள் சிமென்ட் ஆனதும் அப்படித்தான். பனையைப் பற்றி உருகி எழுதுகிற நம்மவர்கள் யாரும் பிள்ளைகளுக்கு அரிவாளைக் கொடுத்து மரத்தில் ஏற்றுவதில்லை. அப்புறம் நான் மட்டும் எதற்குக் குற்றவுணர்வோடு அலைய வேண்டும்?

ஆனால் அதே பேச்சில், மரத்தைப் பற்றி நான் வாய் திறப்பதற்கு முன்பே, அவர் 2009ஐச் சொல்லியிருந்தார். 'இடர்கள்' என்ற பகுதியை நிரப்பும்போது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் தேதி, தீமோர் கடலின் ஆஸ்திரேலியப் பகுதியில் மொந்தாரா எண்ணெய்க் கிணறு வெடித்துக் கசிய ஆரம்பித்து, அடைப்பதற்குள் எழுபது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. ரோத்தே, குப்பாங் கரைகளில் பாசி வெளுத்து, கயிற்றிலிருந்து உதிர்ந்து போனது. பாசி விவசாயிகள் 15,000க்கும் மேற்பட்டவர்களுக்காக ரோத்தே விவசாயி ஒருவர் முன்நின்று ஆஸ்திரேலிய நீதிமன்றத்தில் வழக்கு நடத்தினார். 2021இல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. 2022 நவம்பரில் 19.25 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசம் ஆனது. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அந்தச் சமரசம் இன்னும் வந்திருக்கவில்லை. பல வருடம் எதைக் கட்டினாலும் பிடிக்கவில்லை என்றார் பெரியவர்.

"அப்போது என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன். படிவத்தில் இருந்த கேள்விதான்.

"மரம் இருந்ததே" என்றார்.

அதையும் தட்டச்சு செய்தேன். 'மாற்று வருமானம்: பனை.' எண்ணெய்க் கசிவு தினமும் நடப்பதில்லை, அதை வைத்து ஒருவர் வாழ்க்கையைத் திட்டமிட முடியுமா என்று என்னால் இப்போதும் வாதாட முடியும். விலைச் சரிவு அப்படி அபூர்வம் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். 2023இல் விலை பாதிக்கும் கீழே போனது. நான் காகிதத்தில் போட்டுக் காட்டிய மிச்சம் ஆவியாகிவிட்டது. கடனுக்குப் புதுக் கயிறு வாங்கியவர்கள் பாடு திண்டாட்டம். பெரியவர் வாங்கவில்லை. மரத்தை விடவும் இல்லை. நான் சொன்னதற்கு அவர் ஆமாம் என்று சொன்னதே கிடையாது, இப்போது யோசித்தால். கேள்விகள்தான் கேட்டார்.

அப்படியானால் அவர் சொன்னதுதான் சரி, நான் சொன்னது தவறு என்று முடித்துவிடலாம். முடியவில்லை. 'மரம் இருந்ததே' என்பது ஏறுகிறவருக்கு முழங்கால் இருக்கிறவரைதான். அவருடைய மகன் நான் அந்த ஊருக்குப் போவதற்கு முன்பே ஏறுவதை விட்டவன். மேல்நிலைப்பள்ளி முடித்தவன், மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பதில் ஆர்வம். அப்பா கூப்பிட்டால் பாசிக் கயிறு இழுப்பான், மரத்தடிக்குக்கூட வர மாட்டான். அடுத்த எண்ணெய்க் கசிவோ அடுத்த விலைச் சரிவோ வரும்போது அந்தக் குடும்பத்தின் பனைகள் அங்கேயே நிற்கும். பாளையும் வரும். சீவ யார் போவது? அவரை ஏறச் சொன்னாலும் விடச் சொன்னாலும் இந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது. அதனால் என் அறிவுரைக்குப் பெரிய எடை எதுவும் இல்லை என்று ஆறுதல் பட்டுக்கொள்வேன். எடை இல்லாத அறிவுரையை எதற்குச் சொன்னாய் என்று உடனே இன்னொரு குரல் வரும்.

என்னை உண்மையில் உறுத்துவது அதற்குப் பிறகு நடந்த ஒன்று. கணக்கெடுப்பு முடிந்து நான் எழுந்தபோது அவர் சாதாரணமாகக் கேட்டார்: "மகனுக்கு உங்கள் கம்பெனியில் வேலை கிடைக்குமா?" அவர் நியாயம் தெளிவானது. மரத்தை விட்டவர்கள் என்னைப் போல வேலைக்குப் போனார்கள் என்றால், மகனும் விட்டுவிட்டான், அவனுக்கும் அந்த வேலை உண்டுதானே. நான் படிப்பு வேண்டும் என்றேன். குப்பாங்கில் நுசா செந்தானா பல்கலைக்கழகத்தில் மீன்வளம் படிக்கலாம் என்றேன். எல்லாம் உண்மை. அவர் தலையாட்டிக்கொண்டார், வற்புறுத்தவில்லை.

'என்னைப் போல' என்று சொன்னபோது நான் விட்டுவிட்டது, நடுவில் இருந்த அப்பாவை. தாத்தாவுக்கும் எனக்கும் இடையில் ஒரு அரசாங்கச் சம்பளம் இருந்தது. பஸ் பிடித்தால் போகிற தூரத்தில் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி இருந்தது. மண்டபத்தில் ஆராய்ச்சி நிலையங்கள் இருந்தன. மரத்திலிருந்து இறங்கியவுடன் யாரும் வெளிநாட்டுக் கம்பெனியில் உட்காரவில்லை. எங்கள் ஊரிலேயே இறங்கிய முக்கால்வாசிப் பேர் போனது திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் வளைகுடாக் கட்டட வேலைக்கும். அவரிடம் அதைச் சொல்லியிருக்கலாம். கேட்ட கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்வதற்கே அந்த இடத்தில் நேரம் இருந்தது. அடுத்த வீடு காத்திருந்தது. இது சாக்கா என்றால், பாதி சாக்குதான்.

படிவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தொழில்களைத் தொட வழி செய்யுங்கள் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். அப்படிச் செய்தால் பிலிப்பைன்ஸ் தரவோடு ஒப்பிட முடியாது என்று பதில் வந்தது. அதிலும் நியாயம் இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் மகாசார் நகரத்துக்காரர் இதைப் பற்றிப் பேசவே விரும்புவதில்லை. "நாம் பாசி வாங்க வந்திருக்கிறோம், பனை எண்ண வரவில்லை" என்பார். அவரை ஊர்க்காரர்களுக்கு என்னைவிடப் பிடிக்கும். அறிவுரை சொல்லமாட்டார், விலையை மட்டும் ஒளிக்காமல் சொல்வார்.

வரும் ஏப்ரலில் 'ஆண்டு முழுவதும் சாகுபடி' பயிற்சியை மறுபடி நடத்த வேண்டும். மரத்தை விடுங்கள் என்ற வாக்கியம் அந்த ஸ்லைடுகளில் எப்போதும் இருந்ததில்லை. எடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. யாராவது கேட்டால் திரும்பவும் அதைச் சொல்வேனா? பெரியவர் வயதில் இருப்பவரிடம் சொல்வேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் மகன் வயதில் இருப்பவனிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அந்தப் பையன் இதுவரை என்னிடம் கேட்டது ஒன்றுதான்: இந்தியாவில் பஜாஜ் பல்சருக்கு உதிரிபாகம் என்ன விலை என்று.